ராடு வைத்த காலில் கணுக்கால் வலி நிற்கவில்லையா? மறைந்திருக்கும் இரண்டாவது முறிவைப் பற்றி

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “என் தம்பிக்கு வயது 34. மூன்று மாதங்களுக்கு முன் மழை ஈரத்தில் மாடிப்படியில் வழுக்கி, ஒரு கால் படியிலேயே மாட்டிக்கொள்ள, உடம்பு திரும்பி விழுந்துவிட்டான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மறுநாளே அறுவை செய்து உள்ளே ராடு வைத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடி வருகிறது என்கிறார்கள். ஆனால் கணுக்கால் வீக்கம் வற்றவே இல்லை, படி இறங்கும்போது வலிக்கிறது, குத்தவைத்து உட்கார முடியவில்லை. இப்போது வேறொரு மருத்துவர் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கணுக்காலின் பின்பக்கத்தில் ஒரு முறிவு இருக்கிறது, அது முதல் நாளிலிருந்தே இருந்திருக்கும் என்கிறார். ஒரு தடவை விழுந்ததில் இரண்டு இடத்திலா முறியும்? அப்போதே ஏன் தெரியவில்லை? இனி என்ன செய்வது?”

முறியும். அதுவும் உங்கள் தம்பி விழுந்ததாக நீங்கள் சொல்லும் விதத்தில், அதாவது பாதம் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பும் விழுகையில், இந்த இரண்டு முறிவுகளும் சேர்ந்தே வருவது அரிதல்ல. நான் எலும்பு முறிவு அறுவை சிகிச்சை செய்கிறவன். இந்த இரண்டாவது முறிவை நானே ஒருமுறை தவறவிட்டிருக்கிறேன். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த இடத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. முன்பக்கம் தடவினால் கையில் தட்டுப்படும் பருத்த எலும்பு டிபியா. வெளிப்பக்கம் சதைக்குள் ஓடும் மெல்லிய எலும்பு ஃபிபுலா. இவை இரண்டும் கீழே இறங்கி, டேலஸ் என்னும் பாத எலும்பைக் கவ்விப் பிடிக்கின்றன. தச்சர் ஒரு கட்டையில் பள்ளம் வெட்டி மற்றொரு கட்டையின் முனையை அதில் இறுக்கமாகப் பொருத்துவது போன்ற அமைப்பு அது. பள்ளத்தின் மேற்கூரை டிபியாவின் அடிப்பகுதி. உட்சுவர் அதே டிபியாவின் நீட்சி. நாம் உள் கரண்டை என்று சொல்வது அதைத்தான். வெளிச்சுவர் ஃபிபுலாவின் முனை, அதாவது வெளிக் கரண்டை. இந்த இரண்டு கரண்டைகளையும் எல்லோரும் கையால் தொட்டிருப்போம். தொட முடியாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. டிபியாவின் கூரை பின்பக்கமாகச் சற்றுத் தாழ்ந்து ஓர் உதடு போல நிற்கிறது. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தடித்த நாணும் வேறு சில நாண்களும் அதை மூடியிருப்பதால் அது கைக்குத் தட்டுப்படாது. மருத்துவர்கள் அதைப் போஸ்டீரியர் மேலியோலஸ் என்பார்கள். இங்கே பின் விளிம்பு என்று சொல்லிக்கொள்வோம். டிபியாவையும் ஃபிபுலாவையும் ஒன்றோடொன்று கட்டி வைக்கும் தசைநார்களில் பின்பக்கத்து வலுவான நார் இந்தப் பின் விளிம்பில்தான் பிடித்திருக்கிறது. மறைந்திருக்கும் முறிவு பெரும்பாலும் இங்கேதான் ஏற்படுகிறது.

இனி விழுகையின் கணக்கு. ஒரு சாக்பீஸை எடுத்து இரு முனைகளையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். ஏறக்குறைய நேராக, குறுக்கே உடையும். இன்னொன்றை எடுத்து, ஈரத்துணியைப் பிழிவது போல இரு கைகளாலும் எதிரெதிர்த் திசையில் முறுக்குங்கள். உடைந்த முகம் சாய்வாகச் சுற்றிக்கொண்டு, கூரான நாக்கு போல நிற்கும். எலும்பும் அப்படித்தான். வண்டியின் பம்பர் நேராக இடித்தால் குறுக்கு முறிவு. முறுக்கினால் திருகு முறிவு. எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு எலும்பைச் சுற்றிச் சாய்வாக இறங்குகிறது என்றால், அந்தக் கால் முறுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு எலும்பே சாட்சி. முறுக்கும் விசையோ பாதத்திலிருந்து கணுக்கால் வழியாகத்தான் டிபியாவுக்கு வந்து சேர முடியும். டேலஸ் அந்தப் பள்ளத்துக்குள் திரும்பி, வெளிச்சுவரைத் தள்ளுகிறது. ஃபிபுலா பின்னோக்கி இழுபடுகிறது. அதோடு கட்டப்பட்டிருக்கும் பின் நார் இழுக்கப்பட்டு, அறுவதற்குப் பதிலாக, தான் பிடித்திருக்கும் எலும்பு விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. கணுக்கால் இப்படி முறுக்கில் எந்த வரிசையில் உடைகிறது என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த லாவுகே-ஹான்சன் 1950-ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதியிருக்கிறார். அதே முறுக்கு மேலேறி டிபியாவின் தண்டையும், அதாவது அதன் நீண்ட நடுப்பகுதியையும், உடைக்கும்போது, கீழே நடந்ததை மேலே நடந்தது மறைத்துவிடுகிறது. சிலருக்குத் தண்டின் திருகுக் கோடே நீண்டு மூட்டுவரை இறங்கியிருக்கும். வேறு சிலருக்கு நடுவே முறியாத எலும்பு இருக்க, பின் விளிம்பு தனித் துண்டாக உடைந்திருக்கும். பின் விளிம்பு மட்டுமே என்றும் சொல்ல முடியாது. உள் கரண்டை, டிபியாவின் முன்பக்க வெளிமூலை, இரு எலும்புகளைச் சேர்க்கும் நார்கள் ஆகியவையும் சேதப்படுவதுண்டு.

இது எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்ற கேள்விக்கு, எப்படித் தேடினார்கள் என்பதைப் பொறுத்தே விடை கிடைக்கிறது. எல்லா வகை டிபியாத் தண்டு முறிவுகளையும் சேர்த்து, எக்ஸ்ரேயில் கண்ணில் பட்டதை மட்டும் எண்ணியவர்கள் பத்தில் ஒருவருக்கு என்று கண்டார்கள். கீழ் மூன்றிலொரு பங்கில் வந்த திருகு முறிவுகளை மட்டும் பிரித்து எடுத்து, சந்தேகத்தோடு பார்த்தவர்கள் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் அது 39 சதவீதமாக இருந்தது. அத்தகைய முறிவுள்ள எல்லோருக்கும் சிடியோ எம்ஆர்ஐயோ எடுத்துப் பார்த்த பிற்கால ஆய்வுகள் ஏறக்குறைய பாதிப் பேரிலிருந்து, சிலவற்றில் பத்தில் எட்டு ஒன்பது பேர் வரை கண்டிருக்கின்றன. எம்ஆர்ஐ காட்டும் ஒவ்வொரு கோட்டுக்கும் வைத்தியம் தேவை என்று நான் சொல்லவில்லை. அவற்றில் பல தானாகவே ஆறக்கூடிய மெல்லிய விரிசல்கள். ஆனால் டிபியாவின் கீழ்ப்பகுதியில் திருகு முறிவைப் பார்த்த கணத்திலேயே, கணுக்காலும் முறிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபித்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும் என்பதை இந்த எண்கள் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கின்றன.

அப்படியானால் முதல் நாளே ஏன் தெரியவில்லை? நோயாளி வரும்போது கால் கோணிக் கிடக்கிறது; கட்டையில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்; அசைத்தால் அலறுகிறார். அந்த நிலையில் எடுக்கும் எக்ஸ்ரேயில் கதிரின் மையம் காலின் நடுவே விழுகிறது. கணுக்கால் படத்தின் அடி ஓரத்தில், சாய்ந்த கதிரில் பதிகிறது. முறிந்த இடத்துக்குக் கீழே பாதம் வெளிப்பக்கம் சரிந்து கிடப்பதால், முழங்காலுக்குச் சரியான பக்கவாட்டுப் படம் கணுக்காலுக்குச் சரியான பக்கவாட்டுப் படமாக இருப்பதில்லை. பின் விளிம்பின் முறிவுத் தளமோ சாய்வானது. கதிர் அதே கோணத்தில் சென்றால்தான் கோடு தெரியும், சற்று விலகினாலும் எலும்பின் நிழலில் கரைந்துபோகும். துண்டு நகராமல் இருந்தால் சொல்லவே வேண்டாம். இவற்றோடு மனத்தின் இயல்பு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. பெரிய முறிவு ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் கண் தேடுவதை நிறுத்திவிடுகிறது. அனுபவம் உள்ளவர்களுக்கும் இது நேர்கிறது. நோயாளியும் உதவ முடியாது. தண்டு முறிந்த வலியில் கணுக்கால் வலியைத் தனியாகப் பிரித்துச் சொல்ல யாரால் முடியும்?

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், அப்போது நான் பணியாற்றிய மருத்துவமனையில், பேருந்திலிருந்து இறங்கும்போது ஒரு கால் தரையில் ஊன்றியபடி உடம்பு திரும்பி விழுந்த பள்ளி ஆசிரியை ஒருவருக்கு ராடு வைத்தேன். தண்டு முறிவு நேராக வந்து சேர்ந்திருந்தது. மறுநாள் எடுத்த பக்கவாட்டுப் படத்தில் கணுக்கால் கூரையின் பின்பக்கம், நகத்தின் கனத்துக்கு ஒரு படி, அதாவது மேடுபள்ளம், தெரிந்தது. நேற்றைய படத்தை எடுத்து மீண்டும் விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். படத்தின் அடி ஓரத்தில், பெயரும் தேதியும் அச்சாகும் இடத்துக்குச் சற்று மேலே, தலைமுடி இழை போல ஒரு கருங்கோடு இருந்தது. முதல் படத்திலேயே இருந்தது. அப்போது துண்டு நகரவில்லை. நான் ராடு இறக்கியபோது நகர்ந்திருக்கிறது. அந்த அம்மாவிடமும் அவருடைய கணவரிடமும் அதை அப்படியே சொன்னேன். நான்காம் நாள் மீண்டும் ஆபரேஷன் தியேட்டருக்கு அழைத்துச் சென்று துண்டைச் சேர்த்து இரண்டு ஸ்க்ரூ போட்டேன். அவர் நன்றாக நடந்தார். ஆனால் ஒருமுறை போதுமாயிருந்த மயக்க மருந்தை இரண்டாம் முறையும் அவர் ஏற்க வேண்டி வந்தது என்னால்தான். அன்று முதல், கீழ்ப்பகுதித் திருகு முறிவு எதையும் கணுக்காலைத் தனியாகப் பார்க்காமல் நான் தொடுவதில்லை.

ராடு இறக்கும்போது துண்டு ஏன் நகர்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எலும்பின் உட்குழாய்க்குள் உலோகத் தண்டைச் செலுத்தி முறிவை நிறுத்தும் இந்த முறையை, ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939-இல் தொடைக்குச் செய்து காட்டினார். இன்று டிபியாத் தண்டு முறிவுக்கு உலகெங்கும் முதல் தேர்வு இதுவே. முழங்காலருகே சிறு வெட்டு வழியாக நுழைத்து, 8 முதல் 11 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள ராடை மேலிருந்து தட்டி இறக்குகிறோம். முறிவு கீழே இருக்கும்போது பிடிமானம் போதாது என்பதால், ராடின் முனையைக் கணுக்கால் கூரைக்குச் சற்று மேலே வரை கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அந்தக் கடைசி அங்குலத்தில் எலும்பு பஞ்சு போன்றது. ஏற்கெனவே விரிசல் விட்ட பின் விளிம்பு அங்கே இருந்தால், இறங்கும் ராடு அதைப் பின்னால் தள்ளிவிடக்கூடும். ராடு தள்ளாவிட்டாலும் இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. ராடு வைத்ததன் பெரிய பயனே நோயாளியைச் சில நாட்களிலேயே வாக்கர் பிடித்துக் காலை ஊன்ற விடலாம் என்பதுதான். தண்டு முறிவுக்கு அது நல்லது. கணுக்காலில் யாரும் அறியாத ஒரு துண்டு தளர்ந்து கிடந்தால், அதே ஊன்றுதல் அதை ஒவ்வொரு அடியிலும் மேல்நோக்கித் தள்ளும்.

இவ்வளவு சிறிய துண்டு நகர்ந்தால் என்ன என்று சிலர் நினைக்கலாம். கணுக்கால் முழு உடம்பின் பாரத்தையும் சிறிய பரப்பில் தாங்கும் மூட்டு; அதன் பொருத்தம் மிக நுட்பமானது. டேலஸ் வெறும் 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் விலகினால் இரு எலும்புகளும் தொட்டுக்கொள்ளும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று 1976-இல் வெளிவந்த, இன்றும் எல்லாரும் எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வு காட்டியது. குறைந்த பரப்பில் அதே பாரம் விழுந்தால் குருத்தெலும்பு தேயத்தான் செய்யும். பின் விளிம்பு மூட்டுக் கூரையின் ஒரு பகுதி மட்டுமல்ல, இரு எலும்புகளையும் கட்டி வைக்கும் நாரின் வேரும் அதுவே. அதனால்தான் முன்பு, துண்டு மூட்டுப் பரப்பில் நாலில் ஒன்று அல்லது மூன்றில் ஒன்று இருந்தால்தான் ஸ்க்ரூ போட வேண்டும் என்று நாங்கள் படித்த விதி இன்று தளர்ந்துவிட்டது. துண்டின் அளவைவிட, அது எங்கே இருக்கிறது, நகர்ந்திருக்கிறதா, மூட்டு நிலையாக நிற்கிறதா என்பவற்றையே இப்போது பார்க்கிறோம். பின் விளிம்பைச் சரியாகப் பொருத்தி நிறுத்தினாலே இரு எலும்புகளின் பிணைப்பு பெருமளவு மீண்டும் உறுதியாகிவிடும் என்பதைச் சடல ஆய்வுகளும் காட்டியுள்ளன.

கண்டுபிடிப்பது கடினமான வேலை அல்ல. கணுக்காலுக்கென்று மையம் வைத்து, நேர் படம், காலை 15 முதல் 20 பாகை உள்நோக்கித் திருப்பிய படம், உண்மையான பக்கவாட்டுப் படம் ஆகிய மூன்றையும் எடுக்க வேண்டும். கீழ்ப்பகுதித் திருகு முறிவு என்றால் தியேட்டருக்குப் போகும் முன்பே கணுக்காலுக்கு ஒரு சிடி எடுத்துவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. சில நிமிட வேலை. காலின் முனைக்கு மட்டும் எடுப்பதால் கதிர்வீச்சு, நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ எடுக்கும் சிடியைவிட மிகவும் குறைவு. சிடி இல்லாத ஊர்களில் அறுவை செய்பவர்களுக்குத் தியேட்டரிலுள்ள சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியே போதிய துணை. நோயாளி மயக்கத்தில் இருப்பதால் வலியில்லாமல் காலைத் திருப்பி, பல கோணங்களில் கணுக்காலைப் பார்க்கலாம். ராடு இறக்குவதற்கு முன் ஒருமுறை, இறக்கி, ஸ்க்ரூ போட்டு எலும்போடு பூட்டிய பின் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி இரு எலும்புகளும் விலகுகின்றனவா என்று ஒருமுறை, ஆக இருமுறை பார்க்க வேண்டும். முறிவு இருப்பது முன்பே தெரிந்தால் தீர்வும் எளிது. ராடுக்கு வழிவிட்டு, தோலில் சிறு துளை வழியாக முன்னிருந்து பின்னாக ஒன்றிரண்டு ஸ்க்ரூ போட்டுத் துண்டை நிறுத்திவிட்டு அதன் பிறகு ராடு இறக்கலாம். பல நேரங்களில் அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. துண்டு பெரிதாக, நகர்ந்து இருந்தால் பின்பக்கம் திறந்து பிளேட் வைக்க வேண்டி வரும். மிகச் சிறிய, நகராத துண்டை ஸ்க்ரூ இல்லாமல் விட்டுக் கவனிப்பவர்களும் உண்டு. அதையும் தவறென்று சொல்ல மாட்டேன், தெரிந்து விடுகிறார்கள் என்றால். ஆறு வாரம் வரை பாரம் ஊன்றுவதைக் குறைத்து, இடையிடையே படம் எடுத்துப் பார்க்கும் ஏற்பாடு அதனுடன் இருக்க வேண்டும்.

உங்கள் தம்பிக்கு அறுவை செய்தவர் அலட்சியமாக இருந்தார் என்று நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. நகராத கோட்டை முதல் நாள் படத்தில் தவறவிடுவது நல்ல மருத்துவர்களுக்கும் நேர்கிறது. ஆனால் இந்தச் சேர்க்கை நன்கு அறியப்பட்டுவிட்ட இன்றைய நிலையில், கீழ்ப்பகுதித் திருகு முறிவில் கணுக்காலைத் தனியாகப் பார்க்காமலே அறுவையை முடிப்பதும், பிறகு வாரக்கணக்கில் நீடிக்கும் கணுக்கால் வலியை “ராடு வைத்தால் அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி அனுப்புவதும் ஏற்கத்தக்கதல்ல என்றுதான் நினைக்கிறேன். ராடு வைத்த பின் வருகிற வழக்கமான வலி பெரும்பாலும் முழங்காலின் முன்பக்கம் இருக்கும், மண்டியிடும்போது தெரியும். கணுக்காலின் பின்பக்கம், குதிகால் நாணுக்கு இருபுறமும் ஆழத்தில் அழுத்தினால் வலிப்பதும், மாலையில் கரண்டை தெரியாத அளவுக்கு வீங்குவதும், படி ஏறுவதைவிட இறங்குவது கடினமாக இருப்பதும் அந்தக் கணக்கில் சேராதவை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கு வலியே இல்லாமல் வீக்கம் மட்டும் இருக்கலாம். அவர்கள் விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. இப்போது எடுத்த சிடியில் மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் துண்டு கூடிவிட்டதா, மூட்டுப் பரப்பில் படி விழுந்திருக்கிறதா, டேலஸ் பின்னாலோ வெளியிலோ விலகியிருக்கிறதா என்பவையே அவை. அதோடு, இரு கால்களிலும் பாரம் ஊன்றி நிற்கும்போது இரண்டு கணுக்கால்களுக்கும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். படுத்த நிலையில் சரியாகத் தெரியும் மூட்டு, நிற்கும்போது விலகுவதுண்டு. அடிபடாத காலே அதற்குச் சரியான அளவுகோல். துண்டு இருந்த இடத்திலேயே கூடியிருந்து மூட்டும் நிலையாக இருந்தால், மீதமுள்ளது பெரும்பாலும் இறுக்கம்தான். அது பயிற்சியால் விடும். சுவரைப் பார்த்து நின்று, அடிபட்ட காலின் பெருவிரலைச் சுவரிலிருந்து சில விரல்கடை தள்ளி வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்கால் சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள். நல்ல காலில் எவ்வளவு தூரம் தள்ளி வைத்தாலும் தொடுகிறது, இந்தக் காலில் எவ்வளவு என்று வாரம் ஒருமுறை குறித்து வைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். குத்தவைத்து உட்காருவது இந்த வளைவு முழுமையாகத் திரும்பிய பிறகுதான் வரும். அதற்கு முன் கட்டாயப்படுத்த வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் எண்ணெய் போட்டு நீவி விடச் சொல்வார்கள். மேலாகத் தடவுவதில் தீங்கில்லை. அழுத்தி நீவுவதும் பாதத்தைப் பிடித்துத் திருகிச் சொடக்கு எடுப்பதும் கூடவே கூடாது.

துண்டு மேலேறி, படி விழுந்து, அல்லது மூட்டு விலகி இருந்தால், வலி தாங்கும் அளவில் இருக்கிறது என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். தவறான இடத்தில் கூடிய எலும்பை வெட்டி மறுபடி பொருத்தும் அறுவை செய்ய முடியும். குருத்தெலும்பு தேய்வதற்கு முன் செய்தால்தான் அதனால் பயன் உண்டு. மூன்று மாதம் என்பது தாமதம்தான், ஆனால் கை மீறிய தாமதம் அல்ல. கணுக்கால் அறுவையில் பழக்கமுள்ள ஒருவரைப் பாருங்கள். டிபியாத் தண்டு முழுமையாகக் கூடியிருந்தால் ராடை எடுக்கலாமா, அல்லது கீழே உள்ள பூட்டு ஸ்க்ரூக்களை மட்டும் எடுத்து இடம் பண்ணினால் போதுமா என்பதை அவர் படம் பார்த்துச் சொல்வார்.

போகும்போது இப்போதைய சிடியை மட்டும் எடுத்துச் செல்லாமல், விழுந்த அன்று எடுத்த முதல் எக்ஸ்ரேயையும், அறுவைக்கு மறுநாள் எடுத்ததையும், அதன் பின் எடுத்த எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். உறையில் கசங்கிக் கிடந்தாலும் பரவாயில்லை. துண்டு முதல் நாளே நகர்ந்திருந்ததா, ராடு இறங்கியபோது நகர்ந்ததா, நடக்கத் தொடங்கிய பிறகு சிறிது சிறிதாக நகர்ந்ததா, இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறதா என்பதை அந்தப் படங்களின் பக்கவாட்டுக் காட்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அடுத்து என்ன செய்வது என்பதும் அதைப் பொறுத்தே அமையும்.